பெயர் வைக்குமுன் வந்த வெள்ளம்: யாழ்ப்பாணமும் சூறாவளியும்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு. புரெவிச் சூறாவளி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை கடக்கிறது என்று வானொலி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் அண்ணாவின் மகள் யன்னலால் வெளியே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சித்தப்பா, அது முல்லைத்தீவுப் பக்கம்தானே கடக்குது? பிறகேன் எங்கட வாழையெல்லாம் விழுது?"

நல்ல கேள்வி. பெரியவர்கள் பலருக்கும் இருக்கிற கேள்வி. குசினியிலிருந்து ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து, அகப்பையால் நன்றாகச் சுற்றிவிட்டேன். நடுவில் குழி விழுந்தது. ஓரத்தில் ஒரு கறிவேப்பிலையைப் போட்டேன். குழிக்குப் பக்கத்தில் போகாமலே அதுவும் சேர்ந்து சுற்றியது. "குழி இருக்கிற இடத்தைத்தான் வானொலியில் சொல்லுகினம். நாங்கள் அந்தக் கறிவேப்பிலை" என்றேன்.

சூறாவளியைப் பற்றி முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதைத்தான். தொலைக்காட்சிப் படத்தில் அது ஒரு புள்ளியாகவும் அம்புக்குறியாகவும் தெரியும். உண்மையில் அது சில நூறு கிலோமீற்றர் அகலமான ஒரு சுழல். மையம் எங்கள் ஊருக்கு 100 கிலோமீற்றர் தெற்கே போனாலும் நாங்கள் அதற்குள்தான் இருக்கிறோம். யாழ்ப்பாணத்துக்கு நேரே மையம் வந்த சூறாவளிகள் மிகக் குறைவு. ஆனால் பக்கத்தால் போனவை எங்களைத் தொடாமல் போனதில்லை.

சரி, இந்தச் சுழல் எப்படி உண்டாகிறது?

புட்டு அவிக்கும்போது பானையிலிருந்து வரும் ஆவி கையில் பட்டால் சுடுதண்ணீர் பட்டதைவிட மோசமாக வேகும். காரணம், ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, அது ஆவியாக மாற வாங்கிய வெப்பம் முழுவதையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. கடலுக்கு மேலும் இதுதான் நடக்கிறது. மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால் பெருமளவு ஆவி எழும். மேலே போய்க் குளிர்ந்து முகிலாகும்போது வெப்பத்தை விடும். அந்த வெப்பத்தால் காற்று இன்னும் வேகமாக மேலெழும். காற்று எழுந்துபோன இடத்தில் அமுக்கம் குறையும். அந்தப் பள்ளத்தை நிரப்பச் சுற்றுவட்டாரக் காற்று ஓடிவரும், வரும்போது இன்னும் ஈரத்தைக் கொண்டுவரும். இப்படித் தன்னைத் தானே ஊட்டி வளர்க்கிற இந்த நிலையின் ஆரம்பத்தைத்தான் நாங்கள் தாழமுக்கம் என்கிறோம். தமிழ்நாட்டுச் செய்திகளில் இதையே காற்றழுத்தத் தாழ்வு என்பார்கள்.

ஓடிவரும் காற்று நேராக வராமல் வளைந்து சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி காரணம். நிலநடுக்கோட்டில் அந்த வளைக்கும் விசை இல்லை. தள்ளிப் போகப்போகக் கூடும். அதனால் நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகை அகலாங்குக்குள் சூறாவளி பிறப்பது அரிது. யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கில் இருக்கிறது. எங்களுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் வங்காள விரிகுடா, ஐப்பசி முதல் மார்கழி வரை இதற்கு வேண்டிய சூட்டோடும் ஈரத்தோடும் இருக்கும். அந்தக் காலத்தில் தெற்கு விரிகுடாவில் பிறப்பவை பெரும்பாலும் மேற்காகவோ வடமேற்காகவோ நகரும். அந்த வழியில்தான் இலங்கையின் கிழக்கும் வடக்கும், அப்புறம் தமிழ்நாட்டுக் கரையும் இருக்கின்றன. பயிருக்கும் கிணற்றுக்கும் நாங்கள் காத்திருக்கிற மாரியும் சூறாவளியும் ஒரே மாதங்களில் வருவது இதனால்தான்.

அமெரிக்கப் பக்கம் ஹரிக்கேன் என்பதும், சீனா, யப்பான் பக்கம் டைபூன் என்பதும் இதே பொருள்தான். பிறக்கும் கடலைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. 'சைக்கிளோன்' என்ற சொல் பிறந்ததே எங்கள் விரிகுடாக் கரையில். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், விரிகுடாப் புயல்களில் அகப்பட்ட கப்பல்களின் குறிப்புகளை ஆராய்ந்து, பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840களில் அந்தப் பெயரை ஆக்கினார்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். செய்திகளில் அடிக்கடி 'மினி சூறாவளி' என்று வரும். பத்து நிமிடத்தில் பத்து வீட்டுக் கூரையைத் தூக்கிப்போய்விடும். அது சூறாவளியின் குட்டி அல்ல. இடிமுகிலிலிருந்து குளிர்ந்த காற்று திடீரென்று கீழே இறங்கி அடிப்பதாலோ சிறு சுழல்காற்றாலோ வருவது. சூறாவளியை நாட்கணக்கில் முன்கூட்டிக் காணலாம். இதை அப்படிக் காண முடியாது.

இப்போது வாழைக்கு வருவோம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சூறாவளிகள் எல்லாம் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு நிறைய விடயங்களைக் கணிக்கலாம். மையம் எங்களுக்குத் தெற்கே, முல்லைத்தீவு திருகோணமலைப் பக்கமாகப் போனால், சுழலின் வடக்குப் பாதியில் நாங்கள் இருக்கிறோம். காற்று முதலில் வடகிழக்கிலிருந்து அடிக்கும், பிறகு கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் மாறும். கடற்றொழிலாளர் மொழியில் சொன்னால் வாடைக்கொண்டலில் தொடங்கி, கொண்டலாகி, சோளகக்கொண்டலில் முடியும். மையம் எங்களுக்கு வடக்கே, நாகபட்டினம் காரைக்கால் பக்கமாகப் போனால் எல்லாம் தலைகீழ்: வடமேற்கில் தொடங்கி, மேற்கிலிருந்து வரும் கச்சானாகி, தென்மேற்காக முடியும்.

இரண்டும் ஒரே அளவு பாதிப்பைத் தராது. மேற்கு நோக்கி நகரும் சூறாவளியின் வடக்குப் பாதியில், சுழலும் வேகத்தோடு நகரும் வேகமும் சேர்ந்துகொள்ளும். தெற்குப் பாதியில் ஒன்றை ஒன்று குறைக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரணியத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது. காங்கேசன்துறையிலிருந்து கோடியக்கரை 60 கிலோமீற்றர்கூட இல்லை. அங்கே தென்னந்தோப்புகள் தோப்புத்தோப்பாகச் சாய்ந்தன, அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு வந்த சேதம் அதோடு ஒப்பிடவே முடியாதது. நாங்கள் அதன் தெற்குப் பக்கத்தில் இருந்தோம். புரெவி கஜாவைவிடப் பலம் குறைந்தது, தூரத்தாலும் போனது. இருந்தும் நாங்கள் அதன் வடக்குப் பக்கம் இருந்ததால் வாழை விழுந்தது.

மையம் எந்தப் பக்கம் என்று அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. 1857இல் பைஸ் பலட் என்ற ஒல்லாந்து அறிஞர் வெளியிட்டது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டுங்கள். கை காட்டும் பக்கத்தில், சற்று முன்னே தள்ளி, தாழமுக்கத்தின் மையம் இருக்கும். சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை செய்து பார்த்தால் அது எந்தப் பக்கமாக நகர்கிறது என்றும் பிடிபடும். காற்றின் திசை மாறாமல் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனால், மையம் நேரே எங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம். செய்மதிப் படம் இல்லாத காலத்தில் மாலுமிகள் இதை நம்பித்தான் தப்பினார்கள். மின்சாரமும் தொலைபேசியும் போன இரவில் இன்றும் இது உதவும்.

எங்கள் வட்டாரத்தின் நினைவில் ஆழமாகப் பதிந்தது 1964 டிசம்பர்ப் புயல். ஏறத்தாழ 5 பாகை வடக்கில் உருவாகி, டிசம்பர் 22 அன்று இலங்கையின் வடபகுதியை ஊடறுத்துப் பாக்கு நீரிணைக்குள் இறங்கியது. அன்றிரவு தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை எட்டும் தூரத்தில் அலையில் அள்ளுண்டு போனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலம் சிதைந்தது. அதை 46 நாளில் திருத்தியெடுத்தவர் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன். இரு நாடுகளிலும் சேர்த்து 1,800 பேர் அளவில் இறந்ததாகக் கணக்கு.

தனுஷ்கோடி எங்களுக்கு அந்நிய ஊராக இருக்கவில்லை. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் தனுஷ்கோடி இறங்கி, அங்கிருந்து மறுபடி ரயிலேறிச் சென்னை போன தலைமுறை இருந்தது. என் பாட்டனார் அவர்களில் ஒருவர். அந்த வழி ஒரே இரவில் முடிந்துபோனதை, அவர் ஒரு உறவினரின் சாவைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். பிறகு கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது, போர் தொடங்கியதும் அதுவும் நின்றது.

தனுஷ்கோடியை அழித்தது காற்றைவிடக் கடல்தான். நீர்மட்டம் 20 அடிக்கு மேல் எழுந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. இதைப் புயல் அலை என்பார்கள். சூறாவளியின் காற்று கடல்நீரை நாட்கணக்கில், மணிக்கணக்கில் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆழக்கடலில் தள்ளுண்ட நீர் கீழால் திரும்பி ஓடிவிடும். ஆழம் குறைந்த கடலில் திரும்ப இடமில்லை; மேலேறிக் கரைக்குள் வரும். மையத்தில் அமுக்கம் குறைவதாலும் நீர் சற்று உயரும், ஒரு மில்லிபாருக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் கணக்கில். ஆனால் பெரும் வேலையைச் செய்வது காற்றுத்தான். 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் மூன்று லட்சம் பேருக்கு மேல் இறந்ததும் இப்படி ஏறிவந்த கடலால்தான். ஆழிப்பேரலை வேறு. அது கடலடி நிலநடுக்கத்தால் வருவது, அதற்குக் காற்றோ மழையோ தேவையில்லை.

இந்த விடயத்தில் யாழ் குடாநாட்டின் நிலை கவலைக்குரியது. திருகோணமலையில் கரையை விட்டதுமே கடல் சரேலென்று ஆழமாகிவிடும். எங்கள் மேற்கில் இருக்கும் பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்குள். அதற்கேற்பத்தான் வாடிகளையும் வீடுகளையும் கரையோடு ஒட்டிக் கட்டியிருக்கிறோம். மையம் தெற்கால் போகும்போது கொண்டல் கடலை மருதங்கேணி, தாளையடி, பருத்தித்துறைப் பக்கம் தள்ளும். வடக்கால் போகும்போது கச்சான் அதைத் தீவுகளுக்கும் நாவாந்துறை, குருநகர்ப் பக்கத்துக்கும் தள்ளும். அதனால் "வடக்குக் கரையோரம் அவதானம்" என்ற ஒற்றை வரி எனக்குப் போதாது. எந்தக் கரை என்று சொல்ல வேண்டும்.

1978 நவம்பர் 23 மட்டக்களப்பைத் தாக்கியது இன்னொரு பெரும் சூறாவளி. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கிழக்கின் தென்னை வளம் ஒரே இரவில் விழுந்தது. மட்டக்களப்பில் இன்றும் வயதானவர்கள் ஆண்டுகளை 'சூறாவளிக்கு முந்தி, பிந்தி' என்று எண்ணுவதைக் கேட்கலாம். 2000 டிசம்பர் 26 திருகோணமலைப் பக்கம் ஒன்று வந்தது.

நான் நேரே அனுபவித்தது 2008 நவம்பர். அது நிஷா சூறாவளி. போர் உச்சத்தில் இருந்தது. எங்களைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2006 ஓகஸ்டிலிருந்து மூடியிருந்ததால் சாமான் எல்லாம் கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. மழை விடாமல் கொட்டியது. விடியற்காலையில் முற்றத்துக்கு இறங்கினால், கிணற்றுக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது, முற்றத்தில் எங்கே நிற்கிறது என்று பிரித்தறிய முடியவில்லை. கிணற்றுக் கட்டு மட்டும் வெள்ளத்துக்கு மேல் ஒரு வளையமாகத் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளைக் கீழே விடப் பயந்து, இரண்டு நாள் கட்டிலிலேயே வைத்திருந்தோம்.

நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை பதிவானது. இது எவ்வளவு என்று எங்கள் அளவில் பார்ப்போம். ஏக்கரில் 16இல் ஒரு பங்கான ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதில் 390 மில்லிமீற்றர் விழுந்தால் 98,000 லீற்றருக்கு மேல் வரும். வீட்டுக் கூரையில் வைக்கிற 1,000 லீற்றர்த் தாங்கிகள் தொண்ணூற்றெட்டை ஒரு பரப்புக்குள் கவிழ்த்ததற்குச் சமம். ஒரு வருடம் முழுவதும் எங்களுக்குக் கிடைக்கிற மழையே 1,300 மில்லிமீற்றர் அளவுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த மழை கொட்டிய 25ஆம் திகதி, நிஷா என்ற பெயரே இன்னும் வைக்கப்படவில்லை. அப்போது அது வெறும் தாழமுக்கம். அடுத்த நாள்தான் சூறாவளியாகிப் பெயர் பெற்றது, 27ஆம் திகதி காரைக்காலுக்கு அருகே கரை கடந்தது. 2024 நவம்பரில் பெங்கல் வந்தபோதும் இதே கதை. 26, 27ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் வெள்ளத்துக்குள் இருந்தது. பெயர் வைத்தது 29ஆம் திகதி.

ஏன் இப்படி? பெயரும் தரமும் காற்றின் வேகத்தை மட்டும் பார்த்துக் கொடுப்பவை. மணிக்கு 31 கிலோமீற்றருக்கு மேல் போனால் தாழமுக்கம், 51ஐத் தாண்டினால் ஆழ்ந்த தாழமுக்கம், 63ஐத் தொட்டால் சூறாவளி என்று பெயர், 118க்கு மேல் மிகக் கடுமையானது, 222ஐ எட்டினால் அதியுயர் தரம். காற்றுக்கு இந்தக் கணக்குச் சரியானதே. வேகம் இருமடங்கானால் சுவரில் மோதும் விசை நான்கு மடங்காகும். மழைக்கு அது பொருந்தாது. மழையைத் தீர்மானிப்பது ஈரமும், எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதும். வேகமாகக் கடக்கும் கடும் சூறாவளி கூரையைக் கொண்டுபோகும். மெதுவாக ஊர்ந்து போகும் பலவீனமான தாழமுக்கம் ஊரையே நீரில் ஆழ்த்தும். புரெவி எங்களைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியபின், இராமநாதபுரக் கரைக்கு அப்பால் ஒரே இடத்தில் நின்று இரண்டு பக்கத்துக்கும் மழையைக் கொட்டியது.

2025 நவம்பர் 28 அன்று கிழக்குக் கரையில் ஏறிய டித்வாவின் காற்று, சூறாவளித் தரங்களிலேயே கீழ்ப்படியில்தான் இருந்தது. இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை மலையகத்தின் மண்சரிவும் வெள்ளமும்தான் கொண்டுபோயின. "சாதாரணச் சூறாவளிதான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மலை இல்லாத எங்களுக்கு மண்சரிவு இல்லை. ஆனால் தண்ணீர் ஓடவும் சரிவு இல்லை. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடலைச் சேரும் வழுக்கியாறு ஒன்றுதான். மற்றதெல்லாம் சுண்ணாம்புக் கல் உறிஞ்ச வேண்டும், குளங்கள் ஏற்க வேண்டும், வெள்ளவாய்க்கால் கொண்டுபோக வேண்டும். முதல் இரண்டு நாள் மழையில் கல் நிரம்பிவிடும், கிணறுகள் தரைமட்டத்துக்கு வந்துவிடும். அப்புறம் விழுகிற ஒவ்வொரு துளியும் வெள்ளம். குளங்களை மண்போட்டு நிரப்பிக் காணியாக்கி, வாய்க்காலை மதில் கட்டி அடைத்துவிட்டால் இந்தத் தண்ணீர் வேறெங்கே போகும்? கடலுக்குப் போகும் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளின் கதவைத் திறந்தாலும், காற்று கடலை உயர்த்தி வைத்திருக்கும்வரை உள்ளே நிற்கிற வெள்ளம் வடியாது. வெள்ளம் வடிந்த பிறகும் மலசலகூடக் குழியின் கழிவு கிணற்றுக்குள் போயிருக்கும். பல நாளைக்குக் கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

பெயர்களைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். விரிகுடாவையும் அரபிக்கடலையும் சுற்றியுள்ள 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்த பட்டியல் இருக்கிறது. புது தில்லியிலுள்ள வானிலை மையம் அதிலிருந்து வரிசைப்படி எடுக்கும். புரெவி மாலைதீவு கொடுத்தது, பெங்கல் சவூதி, டித்வா யேமன். யானை என்று பொருள்படும் கஜா இலங்கை கொடுத்தது. 2013இல் இலங்கை கொடுத்த மகாசென் என்ற பெயருக்கு, குளங்கள் கட்டிய மன்னனை அழிவோடு சேர்ப்பதா என்று இங்கேயே எதிர்ப்பு வந்து, பெயர் வியாரு என்று மாறியது.

இனி அறிவித்தலைக் கேட்கும்போது பெயரையும் தரத்தையும் விட்டுவிட்டு மூன்றைக் கேளுங்கள்: மையம் இப்போது எங்கே, எந்தத் திசைக்கு நகர்கிறது, மணிக்கு எத்தனை கிலோமீற்றரில் நகர்கிறது. முதல் இரண்டும் நாங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். மூன்றாவது எண் 10க்குக் கீழே இருந்தால் நீண்ட மழைக்கு ஆயத்தமாகுங்கள். ஆவணங்களும் அரிசியும் உயரத்துக்குப் போகட்டும். உதவி தேவையென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மையம் நேரே வந்தால் கடும் காற்று திடீரென்று நின்று வானம்கூட வெளிக்கலாம். அது சூறாவளியின் கண். அந்த நேரத்தில் கூரையைப் பார்க்க வெளியே போகாதீர்கள். கொஞ்ச நேரத்தில், இதுவரை அடித்த திசைக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து அதே காற்று மறுபடி வரும்.

டித்வா கரையேறிய அன்று காலை என் பெறாமகள் முற்றத்தில் நின்று காற்றுக்கு முதுகைக் காட்டி இடது கையை நீட்டினாள். கை தென்கிழக்கைக் காட்டியது. "இன்னும் எங்களைத் தாண்டேல்ல, சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, வாய்க்கால் வாயில் அடைத்திருந்த பனையோலையை இழுத்துப் போடப் போனாள்.